ஒடுக்கத்துக்குப் போன கதை

ஆயர் இல்லத்திலிருந்து உறை வந்தால் ஒன்று இடமாற்றம், இல்லையென்றால் ஆண்டுத் தியானம். இடமாற்றத்தையாவது ஊர்க்காரர்களை விட்டு அழச்சொல்லித் தள்ளிப்போடலாம். சாமியார் தியானத்துக்குப் போகக்கூடாது என்று எந்த ஊரும் அழுததில்லை. 1917-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மறைமாவட்டக் குருக்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது தியானம் செய்ய வேண்டும் என்றது. 1983-இல் வந்த புதிய தொகுப்பு அந்தக் கணக்கை அந்தந்த இடத்து விதிகளிடம் விட்டுவிட்டது. எங்கள் இடத்து விதி, வருஷத்துக்கு ஒன்று. பழைய சட்டத்தின்மேல் எனக்குத் தியான உறை வந்த அன்றைக்குத்தான் பக்தி வந்தது.

தப்பிக்க என்னிடம் ஒரு பாட்டி இருந்தார். மூன்று முறை நோயில்பூசுதல் கொடுத்தேன். மூன்று முறையும் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டவர். ‘பங்கில் ஓர் ஆன்மா ஊசலாடுகிறது’ என்று ஆயருக்கு எழுதுமுன், மரியாதைக்குப் பாட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்லப் போனேன்.

“நீங்க போயிட்டு வாங்க சாமி. நான் செத்தா ஐஸ் பெட்டியில வெச்சிருப்பாங்க. ஆறே நாளு, கெட்டா போயிருவேன்?”

போனேன்.

தியானத்துக்குப் பழைய பெயர் ஞான ஒடுக்கம். ஞானம் அவரவர் பாடு, ஒடுக்கம் உறுதி. மலைமேல் தியான இல்லம், கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத அறை, பக்கத்து அறையில் குறட்டை விடும் மூத்த குரு. முதல் நாள் மாலையே கைப்பேசிகளைக் கூடையில் வாங்கிக்கொண்டார்கள். பிறகு மௌனம். ஞாயிறுதோறும் ‘கோயிலில் பேசாதீர்கள்’ என்று மைக்கில் கத்துகிற ஐம்பது பேரை ஒரே கூரையின்கீழ் பேசாமல் வைத்திருப்பது லேசான காரியமில்லை. சட்னி வேண்டும் என்று ஒருவர் கையை ஆட்ட, ஆசி கேட்கிறார் என்று நினைத்து எதிரில் இருந்தவர் சிலுவை அடையாளம் வரைந்தார். சட்னி வரவில்லை.

இந்தத் தியான முறையை வகுத்தவர் புனித இஞ்ஞாசியார். 1521-இல் பாம்பலோனாவில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்கியதால் படுக்கையில் கிடந்தவர், பொழுதுபோக வீரதீரக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறுகளும்தான். எனக்கும் அதே கதிதான். இரண்டாம் நாள் ஷாம்பு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பொருளுணர்ந்து வாசித்தேன். மூன்றாம் நாள்தான் நூலகத்துப் புனிதர்களிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் அந்த வாசிப்பில் மனம் மாறினார். நான் தூங்கிப்போனேன்.

நான்காம் நாள் வினை, உணவு வழியாக வந்தது. இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் சாப்பாட்டுக்கென்றே எட்டு விதிகள் எழுதியிருக்கிறார். தியானம் கொடுத்த குரு அதை விளக்கினார். முதல் விதி: அப்பத்தில் அவ்வளவு கட்டுப்பாடு வேண்டியதில்லை, நாக்கு அலைவது மற்றப் பதார்த்தங்களுக்குத்தான். எட்டாம் விதி: அடுத்த வேளை எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பசியில்லாத நேரத்தில், சாப்பிட்டு முடித்தவுடனே தீர்மானித்துவிடு. ஐந்நூறு ஆண்டுக்கு முன் இவ்வளவு தெளிவாக யோசித்த மனிதரைக் கும்பிடத்தான் வேண்டும். மதியம் பிரியாணி முடிந்த கையோடு நானும் தீர்மானித்தேன்: இரவுக்கு இரண்டு இட்லி.

இரவு பரோட்டா போட்டார்கள், ஆட்டுக்கறிச் சால்னாவோடு.

என் தீர்மானம் இட்லியைப் பற்றியது. பரோட்டாவைப் பற்றி அது வாய் திறக்கவேயில்லை. தவிர, பரோட்டா அப்ப வகையா இல்லையா? பக்கத்தில் இருந்த குரு அதைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையசைத்தேன். மேசை முழுவதும் தலையசைத்தது. பேச அனுமதித்திருந்தால் விடியும்வரை வாதாடியிருப்போம். மௌனத்தில் ஐந்து நொடியில் ஒருமனப்பட்டோம். நான் நான்கு சாப்பிட்டேன். சால்னாவை எந்த விதியிலும் சேர்க்க முடியவில்லை.

மறுநாள் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றோம். மூன்று குருக்கள் கேட்டார்கள். காது மந்தமான பெரியவரிடம் மட்டும் நீண்ட வரிசை. என் முறை வந்தது. மெதுவாகச் சொன்னேன். அவர் ஊருக்கே கேட்கும்படி, “எத்தனை?” என்றார். நான்கு விரலைக் காட்டினேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அதை எதற்கு என்று நினைத்தார்களோ, இன்றுவரை என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் முதலில் பாட்டியைப் பார்க்கப் போனேன். திண்ணையில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்.

“தியானத்துல என்ன சாமி சொன்னாங்க?”

எட்டாம் விதியை விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். என் அங்கியின் இடைக்கச்சையை ஒரு பார்வை பார்த்தார்.

“அடுத்த வருஷமும் அதையே சொல்லச் சொல்லுங்க.”