பெரியப்பா பதில்கள்: மைக் பிடித்தவர்களும் மாட்டிக்கொண்டவர்களும்

(இந்த வாரம் தருமபுரி மாவட்டத்து வாசகர்கள் ஒன்று சேர்ந்து பேச்சைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஊரில் ஏதோ தேர்தல் வாசனை அடிக்கிறது போலிருக்கிறது.)

மைக் செட் தொழிலாளி, காரிமங்கலம்
கே: நல்ல பேச்சாளரை மேடை ஏறும்போதே கண்டுபிடிக்க முடியுமா பெரியப்பா?
ப: சுமாரானவர் மைக்கைத் தட்டிப் பார்ப்பார். நல்லவர் கூட்டத்தைப் பார்ப்பார். உங்களைப் பார்த்து "எக்கோ கொஞ்சம் ஏத்துப்பா" என்று சைகை காட்டுகிறாரே, அவர் வந்தால் ஜெனரேட்டருக்கு டீசல் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

கல்லூரி மாணவி, அதியமான்கோட்டை
கே: ராஜதந்திரப் பேச்சில் உலகத்திலேயே உங்களுக்குப் பிடித்தவர் யார்? சர்ச்சில், கிஸ்ஸிங்கர் வேண்டாம்.
ப: உன் ஊரிலேயே ஆள் இருக்கும்போது அவர்கள் எதற்கு? ஔவையார். தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார். அவனோ தன் ஆயுதசாலையைக் காட்டி மிரட்டப் பார்த்தான். ஔவை மிரளவுமில்லை, முறைக்கவுமில்லை. "உன் வேலெல்லாம் மயிற்பீலி சூடி, நெய் பூசி எவ்வளவு அழகாக இருக்கிறது! எங்கள் ஆளின் வேல் பாவம், முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது" என்ற பொருளில் பாடினார். புறநானூறு 95-ஆம் பாட்டு. யார் நிஜமாகவே சண்டை போடுகிறவன் என்பதைச் சொல்லியாயிற்று, ஒரு கடுஞ்சொல் இல்லை. தொண்டைமான் முதலில் புகழ்ச்சி என்று நினைத்துச் சிரித்திருப்பான். உறைப்பதற்குள் ஔவை ஊர் எல்லையைத் தாண்டியிருப்பார்.

அதே மாணவி
கே: அப்படியானால் அதியமான்?
ப: சுத்த மோசம். சாவைத் தள்ளிப்போடும் நெல்லிக்கனி கையில் கிடைத்தது. அதன் பெருமையைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்துவிட்டான். போட்டோ இல்லை, பிரஸ் நோட் இல்லை, "மாண்புமிகு மன்னரின் பொற்கரங்களால்" இல்லை. ஆனால் வாங்கிக்கொண்டவர் ஔவை. பி.ஆர்.ஓ. வேலை இரண்டாயிரம் வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

வார்டு உறுப்பினர், பென்னாகரம்
கே: எவ்வளவு நேரம் பேசினால் நல்ல பேச்சு?
ப: 1957 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் காஷ்மீர் பற்றி வி.கே. கிருஷ்ண மேனன் ஏறக்குறைய 8 மணி நேரம் பேசினார். நடுவில் மயக்கம் போட்டும் விழுந்தார். முடிவில் நம் நிலைக்கு எதிரான தீர்மானம் 10-0 என்று நிறைவேறியது. சோவியத் யூனியன் மட்டும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டது. 8 மணி நேரத்துக்கு ஒரு ஓட்டுகூடத் தேறவில்லை. உங்களுக்கு 8 நிமிஷம் தாராளம். அதில் 3 நிமிஷம் "அவர்களே, அவர்களே"க்குப் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பாப்பாரப்பட்டி
கே: எங்கள் மண்ணில் காலமான சுப்பிரமணிய சிவா அவ்வளவு பெரிய பேச்சாளரா? ஒலிப்பதிவு ஒன்றுமே இல்லையே?
ப: ஒலிப்பதிவு எதற்கு ஐயா, தீர்ப்பு நகல் இருக்கிறது. இன்று பேச்சை யூடியூப் பார்வையில் அளக்கிறோம். அன்று கோர்ட் அளந்தது. 1908-இல் திருநெல்வேலிச் சீமையில் பேசியதற்காக நீதிபதி பின்ஹே சிவாவுக்கு 10 ஆண்டு போட்டார். வ.உ.சி.க்கு ராஜத்துரோகத்துக்கு 20, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20! பேசியவரைவிடப் பக்கத்தில் நின்றவருக்கு இரட்டிப்பு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது வேறு கதை.

சிறை சிவாவுக்குத் தொழுநோயைக் கொடுத்து அனுப்பியது. அந்த நோய் உள்ளவர் ரயிலேறக் கூடாது என்று சர்க்கார் தடுத்தது. மனிதர் நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23-இல் உங்கள் ஊரில்தான் கண்மூடினார். ஏசி காரில் வந்து இறங்கி "தொண்டை கட்டியிருக்கிறது, இரண்டு வார்த்தை மட்டும்" என்கிறவர்களை அந்த நினைவிடத்துக்கு ஒரு நடை அழைத்துப் போங்கள். நடத்தியே.

இளைஞர், பாலக்கோடு
கே: பேப்பரைப் பார்த்துப் படிப்பவர் தலைவரா?
ப: ஜெயலலிதா எழுதி வைத்துத்தான் படித்தார். ஆனால் நடுநடுவே "செய்வீர்களா?" என்று ஒரு கேள்வி வரும். மைதானமே "செய்வோம்" என்று அலறும். பேப்பரில் கூட்டத்துக்கும் ஒரு வசனம் எழுதி வைத்திருந்தார். மற்றவர்கள் தங்கள் வசனத்தை மட்டும் எழுதிக்கொண்டு வந்து, அதையும் தப்பாகப் படிக்கிறார்கள்.

சுமைதூக்கும் தொழிலாளி, தருமபுரி நாலு ரோடு
கே: எம்.ஜி.ஆருக்குக் குண்டடிக்குப் பிறகு குரல் சரியாகவே வரவில்லை. பிறகு எப்படி?
ப: 1967 ஜனவரி 12-இல் கழுத்தில் குண்டு. கட்டுப் போட்ட படம் போஸ்டராக ஊர்ச் சுவரெல்லாம் ஏறியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். 1984-இல் புரூக்ளினில் சிகிச்சையில் இருந்துகொண்டே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். பேச முடியாதபோதெல்லாம் அவர் பேச்சு நன்றாக எடுபட்டிருக்கிறது. சில பேருக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்வேன். குண்டு இல்லாமல், மௌனம் மட்டும்.

கடைக்காரர், ஒகேனக்கல்
கே: எங்கள் தண்ணீருக்காக ரஜினி பேசினாரே, அது நல்ல பேச்சா?
ப: 2008 ஏப்ரல், சென்னையில் திரையுலக உண்ணாவிரதம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தைத் தடுப்பவர்களை உதைக்க வேண்டாமா என்கிற தோரணையில் முழங்கினார். விசில் விண்ணைப் பிளந்தது. நாலே மாதத்தில் அவர் படம் "குசேலன்" கர்நாடகத்தில் ஓட வேண்டும். அங்கே வருத்தம் தெரிவித்தார். இங்கே விசிலடித்த அதே வாய்கள் முணுமுணுத்தன. எதிரே உட்கார்ந்திருப்பவர் மட்டுமே கேட்கிறார் என்று நினைத்துப் பேசினால், வட்டியோடு கட்ட வேண்டி வரும். 2013-இல் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் குழாய் இன்றுவரை ஒரு பஞ்ச் டயலாக்கும் பேசவில்லை.

வழக்கறிஞர், அரூர்
கே: ராஜாஜியைப் போன்ற மேதை எங்கே சறுக்கினார்?
ப: அவரும் ஒரு காலத்தில் உங்கள் மாவட்டத்து ஆள்தான். அவர் பிறந்த தொரப்பள்ளி 1965 முதல் 2004 வரை தருமபுரியில் இருந்தது; பிறகு கிருஷ்ணகிரி அள்ளிக்கொண்டு போய்விட்டது. ராமாயணத்தையும் பாரதத்தையும் குழந்தைக்குப் புரிகிற மாதிரி எழுதத் தெரிந்தவர் அவர். 1953-இல் ஆரம்பப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். சொந்தக் கட்சிக்காரர்களையே சரியாகக் கலந்துகொள்ளவில்லை. "நல்லதுதானே, புரிந்துகொள்வார்கள்" என்று இருந்துவிட்டார். எதிரிகள் அதற்கு "குலக்கல்வி" என்று பெயர் வைத்தார்கள். அத்தோடு முடிந்தது. 1954-இல் நாற்காலி போயிற்று.

செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் எழுந்தது. அதற்குப் பதில் அவரிடம் இல்லை. பேச்சுத் திறமை போதாமல் அவர் தோற்கவில்லை. கேட்டவன் தன் பிள்ளையை நினைத்துக்கொண்டு கேட்டான். இவர் சர்க்கார் பட்ஜெட்டை நினைத்துக்கொண்டு சொன்னார்.

மென்பொருள் பொறியாளர், பென்னாகரம் (தற்போது பெங்களூரு)
கே: 2016-இல் அன்புமணியின் பிரசாரம் எவ்வளவு நவீனமாக இருந்தது! ஏன் எடுபடவில்லை?
ப: எடுபட்டது தம்பி. "மாற்றம் முன்னேற்றம் அன்புமணி" இன்றைக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். வாசகம் ஜெயித்தது, வேட்பாளர் பென்னாகரத்தில் தோற்றார். அதே பகுதிதான் 2014-இல் அவரை மக்களவைக்கு அனுப்பியது என்பதையும் மறக்க வேண்டாம். பெங்களூரில் பிரசென்டேஷன் நன்றாக இருந்தால் ப்ராஜெக்ட் கிடைக்கும். பென்னாகரத்தில் ஸ்லைடு முடிந்ததும் "சரி, நம்ம ஆளு யாரு?" என்று கேட்பார்கள்.

மருத்துவ மாணவர், தருமபுரி
கே: எங்கள் முன்னாள் எம்.பி. டாக்டர் செந்தில்குமார் நல்ல பேச்சாளரா, இல்லையா?
ப: இரண்டு கேஸ் ஷீட் தருகிறேன். 2022 ஜூலை, ஆலாபுரம் ஏரி. அரசு விழாவில் ஒரு மதத்தின் பூஜை மட்டும் எதற்கு என்று அதிகாரியை நிறுத்திக் கேட்டார். பிடித்தவர்களும் உண்டு, பிடிக்காதவர்களும் உண்டு. என்ன கேட்டார் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமே இல்லை. 2023 டிசம்பர், மக்களவை. இந்தி மாநிலங்களுக்குக் கோமியத்தைச் சேர்த்து ஒரு பட்டம் சூட்டினார். அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது, வருத்தமும் தெரிவித்தார். முதல் தடவை கேள்வி கேட்டார், பதில் சொல்ல வேண்டியவர் எதிராளி. இரண்டாம் தடவை பட்டம் கொடுத்தார், பதில் சொல்ல வேண்டியவர் இவரே ஆகிவிட்டார்.

கிராம சுகாதார செவிலியர், நல்லம்பள்ளி
கே: ஃப்ளோரைடு பற்றி மேலதிகாரிகள் வந்து பேசுகிறார்கள். யாருக்கும் ஏறுவதில்லையே?
ப: "லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல்" என்று ஆரம்பித்திருப்பார்கள். ஆயா உடனே வெற்றிலையை எடுத்திருப்பார். நீங்கள் பேசுங்கள். எதிரில் நிற்கும் பையனை "ஈ" காட்டச் சொல்லுங்கள். அந்தப் பழுப்புக் கறையைக் காட்டி, "இது வெத்தலையும் இல்ல, பல்லு விளக்காததும் இல்ல, போர் தண்ணி" என்று சொல்லுங்கள். கூடவே ஒன்று: காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். "காய்ச்சிக் குடிங்க" என்று மேடையில் சொல்லிவிட்டுப் போன பெரிய மனிதருக்கும் இதைத் தெரிவிக்கவும்.

தெருக்கூத்துக் கலைஞர், பாப்பிரெட்டிப்பட்டி
கே: எங்களை இப்போது யார் மதிக்கிறார்கள்?
ப: 1990-களின் பிற்பாதியில் இந்த மாவட்டத்தில் பெண் சிசுக்கொலையை நிறுத்த அரசு என்ன செய்தது தெரியுமா? கலெக்டர் பேச்சு, போலீஸ் எச்சரிக்கை, சுவர் எழுத்து எல்லாம் இருந்தும் கடைசியில் கலைப்பயணம் என்று நாடகக் குழுக்களைத்தான் கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். மேடையில் இருப்பவர் "நீ செய்வது பாவம்" என்றால் கூட்டம் தலையைக் குனியும், வீட்டுக்குப் போய் மறந்துவிடும். கூத்தில் மாமியார் வேஷக்காரர் பேசும்போது, முன்வரிசை மாமியார் பக்கத்து வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு ஈடான பிரசங்கம் கிடையாது.

வரலாற்று மாணவர், தருமபுரி
கே: மன்றோ தூணை நிமிர்ந்து பார்க்கிறேன். வெள்ளைக்காரத் துரைக்கு இங்கே என்ன நல்ல பெயர்?
ப: தாமஸ் மன்றோ 1792 முதல் ஏழு வருஷம், நம் பகுதி அடங்கிய பாரமகாலில் வரி வேலை பார்த்தார். வரி வாங்க வந்தவரை ஊர் நினைவில் வைத்திருப்பதே அதிசயம்! குதிரையேறி, கூடாரம் அடித்து, கிராமம் கிராமமாகக் குடியானவனிடம் நேரில் விசாரித்தார். இன்று ஆய்வுக்கு வருகிறவரை வரவேற்கவே மதியம் ஆகிவிடுகிறது.

இல்லத்தரசி, கம்பைநல்லூர்
கே: எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். சுய உதவிக் குழுக் கூட்டத்தில் தமிழில் பேச வெட்கமாக இருக்கிறது.
ப: பெரியார் வீட்டில் கன்னடம் அம்மா. அடுக்குமொழி கிடையாது, எதுகை மோனை கிடையாது, மேடையில் பேச்சு வழக்குத் தமிழ்தான். 94 வயதில், இறப்பதற்கு ஐந்து நாள் முன்புகூட தியாகராய நகரில் கூட்டம் பேசினார். கடன் தவணை கட்டாதவரைக் கேள்வி கேட்க இலக்கணம் வேண்டாம், நோட்டுப் புத்தகம் போதும்.

கட்சித் தொண்டர், மொரப்பூர்
கே: டெல்லித் தலைவர்கள் பேச்சை மேடையில் மொழிபெயர்ப்பவர்கள் ஏன் இப்படிச் சொதப்புகிறார்கள்?
ப: 2019-இல் நாகர்கோவிலில் ராகுல் காந்தி ஒன்று சொல்ல, தங்கபாலு ஒன்று சொல்ல, நாடே சிரித்தது. அவர் பழைய தருமபுரி எம்.பி. என்பதால் கொஞ்சம் வக்காலத்து வாங்குகிறேன். பொதுவாகக் குழாய் ஸ்பீக்கரெல்லாம் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். மேடையில் நிற்பவருக்கு வருவது எதிரொலியின் எதிரொலி. மேடைக்குள் பார்த்தாற்போல் தனியாக ஒரு பாக்ஸ் வைத்தால் தீரும். அந்தக் காசுக்கு நாம் இன்னும் நாலு பொன்னாடை வாங்குகிறோம்.

இரவுக் காவலாளி, தொப்பூர்
கே: ராத்திரி பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்பது பேச்சுரிமைக்கு விரோதமில்லையா?
ப: அண்ணா சித்திரை, பத்தரை, நித்திரை என்று அடுக்கியே தூங்கும் கூட்டத்தை எழுப்பினார் என்பார்கள். எல்லோரும் அண்ணா இல்லை என்று தெரிந்துதான் சட்டம் பத்தரைக்கு அரை மணி முன்னதாகவே மைக்கை அணைக்கிறது.

பயணி, மொரப்பூர் ரயில் நிலையம்
கே: காமராஜரின் "ஆகட்டும் பார்க்கலாம்" என்ற பதிலைத்தான் இப்போதைய தலைவர்களும் சொல்கிறார்கள். அவருக்கு மட்டும் எப்படிப் பேர் வந்தது?
ப: அவர் சொன்ன பிறகு பார்த்தார்.

அதே பயணி
கே: அப்படியென்றால் மொரப்பூர்–தருமபுரி ரயில்?
ப: இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளம். 2019-இல் அடிக்கல்லும் நாட்டினார்கள். தரையில் எப்படியோ, மைக்கில் அந்த ரயில் ஒருநாளும் தாமதமானதில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, கரெக்ட் டைமுக்கு வந்துவிடுகிறது.