வெயில் விற்பனைக்கு

"மாமா, துபாய்ல ஒரு வீடு இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிப்போடலாம்" என்றான் ஓசூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். நாகரசம்பட்டியில் அப்போது சித்திரை மாதத்து மதியம், கரண்ட் வேறு இல்லை. விசிறிக்கொண்டே சரி என்றுவிட்டேன். அந்த நேரத்தில் அண்டார்ட்டிகாவில் வீடு என்றிருந்தால் அட்வான்ஸே கொடுத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவியையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் போனோம். பெரிய ஓட்டல், மதியச் சாப்பாடு ஓசி. கோட்டு போட்ட பையன் திரையில் கடலைக் காட்டி, "வருஷம் முழுக்க வெயில், சார்!" என்றான், வரம் கொடுக்கிற சாமி மாதிரி. லண்டன்காரனுக்கு மனப்பாடம் செய்ததை என்னிடம் ஒப்பித்துவிட்டான் போலிருக்கிறது. மூட்டத்திலேயே கிடக்கிறவன் ஸ்பெயினில் வெயிலுக்கென்று வீடு வாங்குவான், நியாயம். பெங்களூரா மாங்காய்க்குப் பேர்தான் பெங்களூர். அது காய்க்கிற வெயில் எங்களுடையது. அதை எனக்கே விற்கிறான்.

அக்கா மகனுக்கு மட்டும் கண் விரிந்தபடியே இருந்தது. 20 லட்சம் திர்ஹாமுக்கு வீடு வாங்கினால் 10 வருஷம் கோல்டன் விசா. நம்ம காசில் நாலரைக் கோடிக்கு மேல். பதிவுக்கு 4 சதவீதம் தனி. ஒருவர் வருஷத்துக்கு 2,50,000 டாலர்தான் வெளியே அனுப்பலாம், அதிலும் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போவதில் 20 சதவீதத்தை வங்கியே வரியாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கணக்குக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். இதையெல்லாம் குறித்துக்கொண்ட அவனுக்குப் பைக் தவணையே இன்னும் 14 பாக்கி.

"இலங்கை பக்கம்தானே?" என்று கேட்டுப் பார்த்தேன். 2014 சட்டப்படி வெளிநாட்டுக்காரன் அங்கே நிலம் வாங்க முடியாது, அடுக்குமாடியில் வீடு வேண்டுமானால் வாங்கலாம். அதாவது மண் அவர்களுக்கு, ஆகாயம் நமக்கு.

என் மனைவி இதெதையும் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த மாதிரிக் கட்டடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் அளவு பால்கனிகள், நீல நிறத்தில் ஒரு குளம், அதன் கரையில் பிளாஸ்டிக் மனிதர்கள் மல்லாந்து கிடந்தார்கள்.

"தம்பி, துணி எங்க காயப்போடறது?"

பையன் கொஞ்சம் தடுமாறினான். "பால்கனில போடக்கூடாதுங்க மேடம். ஃபைன் போடுவாங்க. டிரையர் இருக்கு."

"வருஷம் முழுக்க வெயிலுன்னீங்க?"

"ஆமாங்க மேடம்."

"அப்ப வடகம்?"

பையன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் எங்களைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் அனுப்பிவைத்தார். பாயசம் நன்றாகவே இருந்தது. இரண்டு தரம் வாங்கினேன்.

திரும்பும்போது அத்திப்பள்ளியில் லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நின்றோம். "வாங்க வேணாம் மாமா, பெங்களூர்லயே வாடகைக்குப் பார்த்துடலாமா?" என்றான் அக்கா மகன். அங்கே பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள் என்றேன். அதன்பிறகு ஓசூர் வரை பேசவில்லை.

மறுநாள் காலையிலேயே என் மனைவி மொட்டை மாடியில் வேட்டியை விரித்து வடகம் பிழிந்துவிட்டாள். கையில் ஒரு குச்சியைக் கொடுத்து என்னைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார வைத்தாள். துபாயில் சதுர அடிக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் உண்டாம். இங்கே அதுதான் நான். விசா பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு காக்கா நாலு வடகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

"ஏங்க, தூங்கிட்டீங்களா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.