ஏங்கண்ணு, கம்பெனிக்குப் பல்லு புடிச்சுப் பாத்தியா?

வா கண்ணு, உக்காரு. போன்லயே டீமேட் கணக்குத் தொறந்துட்டியாமா, உங்க அமுச்சி ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரியறா. ஆதார் நெம்பரு, பான் கார்டு, மூஞ்சிய ஒரு செல்ஃபி. ஆச்சு, என்ற பேரன் மொதலாளி!

நானெல்லாம் கோயம்புத்தூர்லயே பங்குச்சந்தை இருந்த காலத்து ஆளு. அப்பெல்லாம் பங்குன்னா காயிதம். விக்கோணும்னா படிவத்துல கையெழுத்துப் போட்டுக் காயிதத்தோட அனுப்போணும். கையெழுத்து ஒத்து வல்லீன்னு கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிருவான். 1996ல, காயிதமில்லாமக் கணக்குலயே பங்கை வெச்சுக்கற டெபாசிட்டரி வந்துதான் அந்தச் சள்ளை ஒழிஞ்சுது. இப்ப இன்னிக்கு வித்தா நாளைக்குக் கணக்குத் தீந்துருது. ஆனா காயிதத்துல ஒரு சௌகரியம் இருந்துச்சு கண்ணு. விக்கறது அத்தனை பெரும்பாடுங்கறதால எவனும் சட்டுனு விக்கமாட்டான். பொட்டியில கெடந்து அது பாட்டுக்கு வளந்துச்சு. உனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

சரி, என்ன வாங்குனே? பேரே வாயில நொழையல. ஆரு சொன்னாங்க? "டெலிகிராம்ல ஒரு அண்ணன்"ங்கறே. அண்ணனா! எந்த ஊரு, ஆரு பையன்? தெரியாது. சந்தையக் கண்காணிக்கற செபியில பதிவு பண்ணுன ஆளா? கேக்கல. சொந்த மாமன் ரெண்டாயிரம் கைமாத்துக் கேட்டா நாலு நாள் ரோசிக்கறவன், மூஞ்சி தெரியாதவன் சொன்னான்னு நாப்பதாயிரத்தைத் தூக்கிப் போட்டிருக்கறே. நெம்பத் தாராள மனசு! அந்த அண்ணன் உனக்குச் சொல்றதுக்கு முந்தியே வாங்கி வெச்சிருப்பான். நீயும் உன்னாட்டம் ஆயிரம் பேரும் உழுந்தடிச்சு வாங்கறப்ப, உங்க தலையிலயே கட்டிட்டு அக்கட்டால போயிருப்பான். நீ குரூப்புல நன்றி சொல்லிக் கும்பிடு பொம்மை போட்டுட்டு இருந்திருப்பே.

உங்கொப்பன் கருங்கல்பாளையஞ் சந்தைக்கு மாடு வாங்கப் போனப்ப நீயுந்தானே வந்தே? என்ன பண்ணுனான்? வாயைப் பொளந்து பல்லு புடிச்சுப் பாத்தான். ஆறு பல்லா, கடை சேந்துருச்சான்னு எண்ணுனான். நடக்க உட்டுப் பாத்தான். மடியத் தடவி, நாலு காம்புலயும் பால் வருதான்னு கறந்து பாத்தான். சுழி பாத்தான். அதுக்கப்பறம் தரகன் துண்டைப் போட்டு மூடிக் கையப் புடிச்சான். உள்ள வெரலை இழுக்கறதும் மடக்கறதுமா அரை மணி நேரம். உங்கொப்பன் ரெண்டுவாட்டி கையை உதறிட்டு டீக்கடைக்குப் போற மாதிரிப் போயிட்டு வந்தான். ஒரு மாட்டுக்கு அவ்வளவு. நீ கம்பெனி வாங்கறதுக்குக் கட்டை வெரலை ஒருக்கா மேல இழுத்துருக்கறே.

கம்பெனிக்கும் பல்லு இருக்குது கண்ணு. வருசா வருசம் ஆண்டறிக்கைன்னு ஒண்ணு போடுவாங்க, காசில்லாமயே கெடைக்கும். படிக்க மாட்டே, தெரியும். தடியா இருக்கும், நடுவுல பாட்டும் இல்ல. நாலே எடம் பாரு. கடன் எவ்வளவு. லாபம்னு எழுதுனது கைக்காசா வந்துச்சா, இல்ல பாக்கியாவே நிக்குதா. மொதலாளி தன்ற பங்கையே அடகு வெச்சிருக்கறாரா. ஆடிட்டர் பாதியில கழண்டுட்டாரா. இது நாலும் சரியா இருந்தா, அந்தக் கம்பெனி என்ன வித்து எப்படிப் பொழைக்குதுன்னு உங்க அமுச்சிக்குப் புரியறாப்பல சொல்லிப் பாரு. அவளுக்குப் புரியலீன்னா உனக்கும் புரியலீன்னு அர்த்தம்.

பல்லு பாத்தாலும் ஏமாத்துவாங்களான்னு கேக்கறே. ஏமாத்துவாங்க. சத்யம் கம்பெனிக்கு 2008ல நல்ல நிர்வாகத்துக்குன்னு தங்க மயில் விருதே குடுத்தாங்க. 2009 ஜனவரி 7ந்தேதி மொதலாளியே கடுதாசி எழுதிட்டாரு: கணக்குப் பொஸ்தகத்துல இருப்புன்னு காட்டுன 5,361 கோடியில 5,040 கோடி இல்லவே இல்லீன்னு. அன்னிக்கு ஒரு நாள்லயே பங்கு முக்காவாசிக்கு மேல உழுந்துச்சு. அதனாலதான் உள்ளதையெல்லாம் ஒரே கட்டுத்தரையில கட்டாதேங்கறேன்.

அப்பறம் இன்னொண்ணு. "ரெண்டு ரூவாய்க்குக் கெடைக்குது அப்புச்சி, நெம்பச் சல்லிசு"ன்னு பல்லைக் காட்டுறியே, அதைச் சொல்லோணும். திருவொத்தியூர்ல பலூன் செஞ்சுட்டிருந்த கம்பெனிதான் எம்ஆர்எஃப். 2023 ஜூன்ல அதோட ஒரு பங்கு லட்ச ரூவாயத் தாண்டுச்சு. மொத்தமே 42 லட்சத்துச் சொச்சம் பங்குதான் அதுல. உன்ற ரெண்டு ரூவாக் கம்பெனி எத்தனை கோடிப் பங்கு வெளிய உட்டிருக்குதுன்னு எண்ணுனியா? பங்கு எண்ணிக்கையையும் விலையையும் பெருக்கு. வர்ற தொகைதான் கம்பெனிக்கு நீ குடுக்கற விலை. அதைச் சம்பாத்தியத்தோட வெச்சுப் பாத்துட்டு வந்து சல்லிசா கிராக்கியான்னு சொல்லு.

புதுசா வர்ற வெளியீட்டுல போட்டா மொத நாளே லாபம்னு ஆரோ சொன்னானாமா. எல்ஐசியே வந்துச்சே, 2022 மே மாசம்! ஊருல பாலிசி இல்லாத ஊடு ஏது? விலை 949 ரூவா, பாலிசிதாரருக்கு 60 ரூவா தள்ளுபடி. மொத நாளு மும்பைச் சந்தையில 867ல தொறந்துச்சு. தள்ளுபடியில வாங்குனவனுக்குமே 22 ரூவா அடி. நம்ம ஊரு ஏஜெண்டு அன்னிக்குச் சாங்காலம் டீக்கடைப் பக்கமே வல்ல.

இதெல்லாம் மெதுவா நடக்கற சமாச்சாரம், உனக்குப் பொறுக்காது. ஆப்சன் ட்ரேடிங்குக்கு வகுப்புச் சேந்திருக்கறயாமா. பேசாம போ கண்ணு, நான் தடுக்கல. செபி கணக்கெடுத்துப் பாத்துச்சு: 2021-22லிருந்து மூணு நிதியாண்டுல, ஃப்யூச்சர்ஸ் ஆப்சன்ஸ்ல எறங்குன தனி ஆளுங்கள்ல நூத்துக்கு 93 பேருக்கு நட்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. லாபம் ஆருக்குப் போச்சு? கம்ப்யூட்டரை உட்டே வியாவாரம் பண்ற பெரிய கையிங்களுக்கு. பம்பாய்க்காரனுக்கும் வெளிநாட்டுக்காரனுக்கும் ஆராவது சோறு போடோணுமல்ல? நம்ம ஊடு விருந்தோம்பலுக்குப் பேர் போனது. மீதி ஏழு பேருல நீ ஒருத்தன்னு நெனைப்பு. அந்த 93 பேருக்கும் அதே நெனைப்புத்தான் இருந்துச்சு. வகுப்பு எடுக்கறவன் மட்டும் புத்திசாலி. ஃபீஸை முன்னாடியே வாங்கிக்கறான்.

எந்தப் பணத்துல போடறேங்கறதையும் சொல்லு. வைகாசியில உன்ற தங்கச்சி கண்ணாலத்துக்கு வெச்சிருக்கற பணத்துலயா? 2020 மார்ச் 23ந்தேதி ஞாபகம் இருக்குதா? ஒரே நாள்ல சென்செக்ஸ் 3,934 புள்ளி உழுந்து 25,981ல நின்னுச்சு. அந்த வருசக் கடைசியில 47 ஆயிரத்தைத் தாண்டிருச்சு. பொறுத்திருந்தவன் பொழைச்சான். ஆனா ஏப்ரல்ல பந்தக்காரனுக்கும் சமையக்காரனுக்கும் காசு குடுக்க வேண்டியவன் உழுந்த விலைக்கு வித்தான். கடன் வாங்கிப் போட்டவனை நான் பேச்சுல கூடச் சேத்துக்கறதில்ல. அஞ்சு வருசத்துக்குத் தேவைப்படாத காசா இருந்தா எடுத்துட்டு வா, பேசலாம்.

பல்லு பாக்கறதுக்கெல்லாம் பொழுதில்லைங்கறயா? அதுக்கும் வழி இருக்குது. நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்டுன்னு ஒண்ணு. அம்பது பெரிய கம்பெனியையும் கொஞ்சங் கொஞ்சம் வாங்கி வெச்சுக்கும், மாசாமாசம் ஐநூறு ஆயிரம்னு போட்டுட்டு வரலாம். டீக்கடையில பேசறதுக்கு அதுல ஒண்ணும் இருக்காது. அதனாலயே உங்க வயசுப் பசங்களுக்குப் புடிக்காது. வாங்கறதும் விக்கறதுமா இருந்தா ப்ரோக்கருக்குக் காசு. வருசம் ரொம்பறதுக்குள்ள லாபத்துல வித்தா நூத்துக்கு 20 வரி. சும்மா இருக்கறவனுக்கு ரெண்டு செலவும் இல்ல. சும்மா இருக்கறதுல உன்ன மிஞ்ச ஆளே இல்லீன்னு உங்கம்மா சொல்லுவா, அந்தத் தெறமை கடைசியா உதவற எடம் இதுதான்.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு. கணக்குத் தொறக்கறப்ப நாமினின்னு ஒரு கட்டம் கேட்டிருக்குமே, அதுல ஆரு பேரைப் போட்டே? ஒண்ணும் போடலியா? இன்னிக்கே போட்டுரு. உங்கம்மா பேரைப் போடு. என்ற பேரை மட்டும் போட்டுராத சாமி, நான் உனக்கு முன்னாடி போறவன்.