அரைக்கட்டை அண்ணாச்சி

2024 செப்டம்பரில் அந்தமானின் போர்ட் பிளேருக்கு ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். அண்ணாச்சி அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். எல்.ஆர். ஈஸ்வரி 2011-இல் ‘ஒஸ்தி’ படத்துக்கு ‘கலாசலா’ பாடியதைத்தான் இன்றுவரை பொறுக்கவில்லை.

எங்கள் ஊர் அபர்தீன் பஜாரில் மணிக்கூண்டைச் சுற்றி எந்த டீக்கடையில் நுழைந்தாலும் இப்படி ஒரு அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். அப்பா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம். பிறந்தது, வளர்ந்தது, ரிட்டயர் ஆனது எல்லாம் தீவில்தான். ஆனால் கோடம்பாக்கத்தில் எந்த ரெக்கார்டிங்கில் யார் மைக்குக்கு எத்தனை அடி தள்ளி நின்றார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொல்லுவார். நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிற தைரியம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்?

‘கலாசலா’ வந்தபோது இங்கே இன்டர்நெட் முழுக்க செயற்கைக்கோளை நம்பி ஓடியது. ஒரு பாட்டு இறங்குவதற்குள் டீ ஆறி, இன்னொரு டீ சொல்லி, அதுவும் ஆறிவிடும். ஆகவே பாட்டு காதுக்கு வருமுன்னே அண்ணாச்சியின் தீர்ப்பு தயார்: “இந்த வயசுல இது தேவையா?”

கடைசியில் யாரோ மெயின்லேண்டிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்து கடையில் போட்டார்கள். தமனின் மெட்டு, கூடப் பாடுவது டி. ராஜேந்தர். எழுபதைத் தாண்டிய அம்மாள் இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறாரே என்று பையன்கள் வாயைப் பிளந்தார்கள். ஜங்கிளிகாட்டிலிருந்து மீன் கொண்டுவரும் தெலுங்குக்காரர், இது எங்க ஈஸ்வரியம்மா என்று உரிமை கொண்டாடினார். தெலுங்கில் அவர் பாடிய பாட்டுகளை யோசித்தால் அவர் பேச்சில் தப்பில்லை. கடைக்கார அக்கா மட்டும், “பாட்டு கெடக்கட்டும், அந்தம்மா நல்லா இருக்காங்கல்ல, அது போதும்” என்றார். அன்றைக்கு உருப்படியாகப் பேசியது அவர் ஒருத்தர்தான்.

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அம்மன் பாட்டு பாடின வாய் தம்பி அது.”

“‘எலந்தப்பழம்’ பாடினதும் அதே வாய்தானே அண்ணாச்சி?”

“அது வேற. அது கே.வி. மகாதேவன்.”

இதற்கு மேல் அப்பீல் கிடையாது. ‘பணமா பாசமா’ வந்த 1968-இல் அந்தப் பாட்டுக்கு விசிலடித்த தலைமுறைதான் 2011-இல் ஒழுக்கம் பேசியது. அவருக்கு ஈஸ்வரி இரண்டு பேர். ஒருவர் ஆடி மாதத்துக்கு, இன்னொருவர் மீதிப் பதினோரு மாதத்துக்கு. இருவரும் ஒரே ஆள் என்று ரேஷன் கார்டைக் காட்டினாலும் நம்பமாட்டார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கோரஸ் பாடி முன்னுக்கு வந்து, ‘பாசமலர்’ கல்யாணப் பாட்டில் நாடறிந்தவராகி, பிறகு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் இடமெல்லாம் தன் குரலை நிறுத்திவிட்டார் என்பதை மட்டும் பெருமையாகச் சொல்லுவார். இத்தனை வேஷமும் ஒரே தொண்டைக்குப் பொருந்தியதே, கலாசலா மட்டும் ஏன் பொருந்தாது என்று கேட்டால் டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிடுவார்.

2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கடியில், மற்றத் தீவுகளுக்கும் சேர்த்து 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்து சேர்ந்தது. தீவே கொண்டாடியது. அண்ணாச்சிக்கு மட்டும் அது பெரிய இக்கட்டு. அந்தத் தீபாவளிக்கு ஹாட்ஸ்டாரில் வந்தது ‘மூக்குத்தி அம்மன்’. அதில் எண்பது வயது ஈஸ்வரி ‘ஆடிக் குத்து’ பாடுகிறார். சென்னைக்காரன் கேட்கிற நேரத்திலேயே இங்கேயும் கேட்கிறது. வாழ்க்கையில் முதன்முறையாக, பாட்டைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டிய நிலைமை!

கேட்டார். அம்மன் பாட்டும் அதுவே, குத்துப் பாட்டும் அதுவே. எந்த ஈஸ்வரியின் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மணிக்கூண்டையே பார்த்தார். பிறகு சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவங்க குரல் இல்ல. கம்ப்யூட்டர்ல சுருதியை ஏத்தி வச்சிருக்கான்.”

இந்தக் கம்ப்யூட்டர் சங்கதியின் மூலம் அவர் வீட்டு மர பீரோவில் இருக்கிறது. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யும் ஊரில் கேசட் வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படரும். வெயில் தலைகாட்டும் நாளில் நியூஸ்பேப்பர் விரித்துக் கேசட்டுகளைக் கருவாடு மாதிரி காயவைத்து, பூஞ்சையைத் துடைத்து, பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்குவார். டேப் ரெக்கார்டருக்கும் வயதாகிவிட்டது. பெல்ட் தளர்ந்து பாட்டு அரைக்கட்டை இறங்கியே ஓடும். அந்த இறங்கிய குரலைத்தான் அவர் பல வருஷமாக ஒரிஜினல் ஈஸ்வரி என்று வணங்கி வருகிறார். சரியான சுருதியில் யார் பாடினாலும், ஈஸ்வரியே பாடினாலும், அவருக்கு அது மோசடி.

என் காதுக்கு, எண்பதில் குரல் கரகரத்துத்தான் போயிருக்கிறது. மூச்சும் முன்போல் நீளவில்லை. ‘வெள்ளி விழா’வில் ரகசியம் சொல்வதுபோல் பாடிய அந்தக் குழைவை இனி எதிர்பார்க்க முடியாது. ஆனால் தாளம் உதைக்கிற இடத்தில் அந்த அம்மாள் விழுகிற விழுகையை இன்றைய பாடகிகள் பாதிப் பேரிடம் காணோம். அண்ணாச்சிக்கும் இது தெரியும். பாட்டு ஓடும்போது அவர் கால் ஆடியதை மேசைக்கடியில் கடைக்கார அக்கா பார்த்துவிட்டார்.

ஆடி வந்தால் கோயில் மைக்செட்டுக்கு அவர்தான் பொறுப்பு. போன ஆடியிலும் ‘ஆடிக் குத்து’ ஒலித்தது. பையன்கள் போட்டுவிட்டார்கள் என்றார். பென்டிரைவ் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

தீவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செல்லுலார் ஜெயிலைப் பாருங்கள், கடலைப் பாருங்கள், அண்ணாச்சியோடு டீயும் குடியுங்கள். ‘கலாசலா’ எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சென்னைக் கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது அவ்வளவு சீக்கிரம் கிடையாது.