ஓய்வூதிய ஆசாரி

அறுபது வயது வரை அவர் வீட்டில் காலண்டர் மாட்டும் ஆணியைக்கூட எதிர்வீட்டுப் பையன்தான் அடித்துக் கொடுத்தான். ஓய்வு பெற்ற மறுவாரமே காதில் பென்சில் ஏறிவிட்டது. தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். உங்கள் தெருவில் இல்லையென்றால், யாரோ இன்னும் ஓய்வு பெறவில்லை என்று பொருள்.

ஓய்வூதிய ஆசாரி மரம் வாங்குவதற்கு முன்பே ஆயுதங்களை வாங்கிவிடுவார். கால் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரை ஆறு உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, மூலைமட்டம். காலமெல்லாம் இதே தொழிலில் இருக்கும் ஆசாரியின் சாக்குப் பையில் மூன்று உளிதான் கிடக்கும். அதிலும் ஒன்றுக்குப் பிடி ஆடும். இவருடைய உளிகள் வெல்வெட் துணியில் படுத்துறங்கும். முதல் வருடம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக்கொண்டதோடு சரி.

ஆனாலும் பார்வை அடியோடு மாறிவிடும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் இலையைப் பார்க்க மாட்டார்; மேசை எந்த மரம் என்று அடியில் குனிந்து பார்ப்பார். சாம்பார்காரர் ஆளைக் காணோமென்று அடுத்த இலைக்குப் போய்விடுவார்.

எங்கள் தெருக்காரர் போன வருடம்தான் களத்தில் இறங்கினார். கொலு பொம்மைகளை வைக்க ஒரு மரப்பெட்டி. மரக்கடையில் பலகையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவர் மனைவியின் வாக்குமூலம். "வேம்புதான். பூச்சி அண்டாது" என்று முடிவானது.

கோடு போடுவதில் குறையே இல்லை. ஆயுள் முழுக்க லெட்ஜரில் கோடு போட்ட கை. ஆனால் கோட்டின் மேலேயே அறுத்தார். ரம்பமும் தன் பங்குக்கு மரத்தைத் தின்னும் என்பது அவர் கணக்கில் எழுதாத செலவு. நாலு பலகையும் நாலு நீளம். இழைப்புளியை எதிரோட்டத்தில் தள்ளியதில், வழவழவென்று வரவேண்டிய பலகை பலாப்பழத் தோல்போலச் சிலும்பிக்கொண்டது. தரையில் வைத்தால் ஒரு மூலை டக்டக்கென்றது.

"ஏங்க, ஆடுதே?"

"தரை மட்டமா இல்ல."

ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள். இங்கே நன்றாக ஆடும் பெட்டிக்காகவும் கூடம் கோணலானது.

மூடி மாட்டிய அன்று இன்னொரு உண்மை தெரிந்தது. கிருஷ்ணர் பொம்மை 23 அங்குலம், பெட்டி 24 அங்குலம். கணக்கு சரிதானே? அந்த 24 வெளியளவு. அடிப்பலகை முக்கால் அங்குலம், மூடி முக்கால் அங்குலம் போக உள்ளே 22½. மூடியைக் கோவர்த்தன மலையாகத் தலையில் தாங்கிக்கொண்டு நின்றார் கிருஷ்ணர்.

வாசற்கதவு பார்க்க வந்த அசல் ஆசாரி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் விளிம்பைப் பார்த்தார். "உள்ள என்ன வைக்கப் போறீங்கன்னு கேட்டுட்டுத்தான் சார் நாங்க பலகையைத் தொடுவோம். வெளியளவு தானா வரும்." பிறகு மூலையை விரலால் தடவி, "மூட்டு பரவால்ல சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு, கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தார் நம்மவர். அதற்கு முன் அப்படி நடந்ததாகத் தெருவில் சரித்திரமில்லை.

இந்த நவராத்திரிக்குப் பெட்டி கவிழ்ந்து படுத்து, கொலுவின் மேல்படியாகிவிட்டது. அதன்மேல் வெள்ளை வேட்டி, வேட்டிமேல் கிருஷ்ணர். வருகிறவர்கள் பொம்மையைப் பார்க்கிறார்கள். அவர் வேட்டியைத் தூக்கி மூட்டைக் காட்டுகிறார். பதற வேண்டாம், படியில் விரித்த வேட்டி, பெட்டியின் மூட்டு.

அந்தப் பக்கம் போனால் நீங்களும் எட்டிப் பார்த்து, "மூட்டு பரவால்ல சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லாதவர்களுக்குச் சுண்டல் வரக் கொஞ்சம் நேரமாகிறது.