கட்டிலிலிருந்து வாசல் வரை

சில வாரங்களுக்கு முன் என் விபத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடிபட்டவர்கள் எழுதியவை அல்ல. அடிபட்டவரைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மனைவியும் அம்மாவும் மகனும் எழுதியவை. அதனால் இந்த வாரம் சினிமா, அரசியல் கேள்விகள் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். நான் டாக்டர் இல்லை. தொடை எலும்பும் முழங்காலும் உடைந்து, நாலு மாதம் வாசல் தாண்டாமல் வீட்டில் இருந்தவள். நான் சொல்வதும் உங்கள் டாக்டர் சொல்வதும் வேறாக இருந்தால் டாக்டர் பேச்சையே கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். அப்படியென்றால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?
— வாசகர், விருதுநகர்

இல்லை. உயிருக்கு ஆபத்து இல்லை என்று அர்த்தம். குணமாகிற வேலை வீட்டுக்கு வந்தபிறகுதான் ஆரம்பிக்கிறது. பெரியவர்களுக்குத் தொடை எலும்பு கூட மூன்று நாலு மாதம் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் சில விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஊன்றலாமா, எவ்வளவு ஊன்றலாம், மடக்கலாமா, தையல் எப்போது பிரிப்பது, எந்த மாத்திரை எத்தனை நாள், எது நடந்தால் நடுராத்திரி என்று பார்க்காமல் திரும்ப வர வேண்டும். ‘ஊன்றவே கூடாது’ என்பதும் ‘விரல் நுனி தரையில் படலாம்’ என்பதும் வேறு வேறு. வாயால் கேட்டது வீட்டுக்கு வருவதற்குள் மறந்துபோகும்.

மாவுக்கட்டுக்குள் அரிப்பு உயிர் போகிறது. ஸ்கேல் விட்டுச் சொறியலாமா?
— கல்லூரி மாணவி, கரூர்

கூடாது தங்கச்சி. உள்ளே தோல் கீறினால் கண்ணுக்குத் தெரியாது. சீழ் வைத்து நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். கட்டின் மேலேயே தட்டுங்கள். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஓரத்தில் காட்டுங்கள். விரல் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, வலி மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

என் கணவருக்குக் காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். முட்டை, மீன், எலுமிச்சை எதுவும் கொடுக்கக் கூடாது, சீழ் பிடிக்கும் என்கிறார் மாமியார். தண்ணீர் கூட அளந்துதான் கொடுக்கிறார்.
— வாசகி, கோவில்பட்டி

உங்கள் மாமியார் பாசத்தில் சொல்கிறார், சண்டை போடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் காதாலேயே கேட்க வையுங்கள். மருமகள் சொன்னால் எடுபடாதது வெள்ளைக் கோட்டுக்காரர் சொன்னால் எடுபடும்.

புண் ஆறவும் எலும்பு கூடவும் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பால், தயிர் எல்லாம் கொடுங்கள். வைட்டமின் சி இல்லாமல் புதுச் சதை சரியாகக் கட்டாது. நெல்லிக்காயும் கொய்யாவும் எலுமிச்சையும் எதிரிகள் அல்ல. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. தண்ணீரைக் குறைத்தால் முதலில் வருவது மலச்சிக்கல். வலி மாத்திரைகளில் சில அதை இன்னும் இறுக்கும். சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

ஆட்டுக்கால் சூப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது எலும்பை ஒட்ட வைக்காது. ஆனால் ஒரு மாதமாகச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டவர் அந்த மிளகு வாசனைக்காகவாவது எழுந்து உட்கார்ந்து ஒரு பிடி சோறு கூடச் சாப்பிட்டால், வையுங்கள், தினமும் வையுங்கள்.

அப்பா படுக்கையில் இருந்துகொண்டே பீடி கேட்கிறார். ஒன்று கொடுத்தால் என்ன?
— வாசகர், ஆம்பூர்

எலும்பு கூடுவது தள்ளிப்போகும், புண்ணும் ஆறாது. கொடுக்காதீர்கள்.

புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டால் சீக்கிரம் சேரும் என்கிறார்களே?
— வாசகர், திருத்தணி

உங்கள் ஊருக்கு ஆந்திரப் புத்தூர் பக்கம். தலைமுறை தலைமுறையாக அந்தக் கட்டை நம்பிப் போனவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த காயம், மூட்டுக்குள் விழுந்த முறிவு, ராடோ பிளேட்டோ வைத்த கால் இவற்றில் வேறு யாரையும் கைவைக்க விடாதீர்கள். கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றால் கையையே எடுக்க வேண்டி வரும். எண்ணெய் போட்டு உருவி விடுவதும் அப்படித்தான். முழங்கையில் அடிபட்டவருக்கு அழுத்தி உருவினால் சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, கை மடங்காமலே போய்விடக்கூடும்.

பிசியோதெரபி தினமும் செய்யச் சொல்கிறார்கள். வலி பொறுக்க முடியவில்லை, பலனும் தெரியவில்லை. விட்டுவிடலாமா அக்கா?
— லாரி ஓட்டுநர், நாமக்கல்

விடாதீங்க தம்பி. உங்களுக்குத்தான் இந்த வாரம் நீளமான பதில்.

எனக்கு அறுவை சிகிச்சை செய்த இடத்தில் காலை எப்படி மடக்கிப் பழக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ‘ரெஸ்ட் எடுங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். நானும் ரெஸ்ட் எடுத்தேன், மூன்று வாரம். முழங்கால் உலக்கை மாதிரி இறுகிவிட்டது. அந்த மூன்று வாரத்தை மீட்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்வதும் அதனால்தான்.

எங்கள் வீட்டுத் தரை பழைய சிவப்பு சிமெண்ட். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்துக்கு அடியில் ஒரு துணியைப் போட்டு, குதிகாலைப் பின்பக்கம் இழுக்க வேண்டும். எதுவரை வருகிறதோ அந்த இடத்தில் என் மகன் சாக்பீஸால் கோடு கிழித்துப் பக்கத்தில் தேதி எழுதுவான். முதல் நாலு நாள் கோடு ஒன்றின்மேல் ஒன்றாகவே விழுந்தது. நான் அழுதேன். ஐந்தாம் நாள் ஒரு விரற்கடை பின்னால் விழுந்தது. அன்று என் மாமியார் சேமியா பாயசம் வைத்தார். வீடு துடைக்க வருகிற அம்மா அந்தக் கோடுகளைச் சுற்றித்தான் துடைப்பார். ஈரத் துணி ஒரு தேதியின் மேலும் படாது. முழங்கால் தொண்ணூறு டிகிரி மடங்கினால் நாற்காலியில் ஒழுங்காக உட்காரலாம். படி ஏறி இறங்க அதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும். சம்மணம் போட இன்னும் நிறைய. தொண்ணூறுக்கு நான் வந்து சேர்ந்தபோது தரையில் முப்பத்தெட்டு கோடுகள் இருந்தன.

பலன் தெரியவில்லை என்கிறீர்கள். அளந்து பார்க்காததால்தான் தெரியவில்லை. இன்றைக்கே ஒரு கோடு போடுங்கள். பயிற்சிக்கு அரைமணி முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். பயிற்சியின்போது வந்து கொஞ்ச நேரத்தில் தணிகிற வலி பரவாயில்லை. மறுநாள் வரை நீடித்து வீங்கினால் பிசியோவிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார். செலவுதான் தடை என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

வலது காலில் அடி. ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

இடது கையில், ஐயா. பலரும் அடிபட்ட பக்கமே பிடிக்கிறார்கள், அது தவறு. படி ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

என் தம்பிக்கு முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வாட்டர் பெட் வாங்கிவிட்டோம். வேறு என்ன செய்ய வேண்டும்? அவனுக்கு இனி என்ன இருக்கிறது என்று அம்மா அழுகிறார்.
— வாசகி, மேலூர்

முதலில் படுக்கை. எந்த பெட் வாங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது நிற்கக் கூடாது. அவருக்கு வலி தெரியாது. அதனால் தோல் அழுகுவதை அவரால் சொல்ல முடியாது. தினமும் விளக்கு வெளிச்சத்தில் இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு மூன்றையும் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தி எடுத்தபின்னும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். அந்தப் பக்கம் படுக்கவிடாமல் அன்றே கவனித்தால் ஆறும். விட்டால் எலும்பு வரை போகும். சிறுநீர் கலங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது அம்மாவின் கேள்வி. அவரை உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் ஒரு சாலை விபத்து. இடுப்புக்குக் கீழே இயக்கம் போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொழுநோயில் மடங்கிப்போன கைகளை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்னொருவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படைக்கான உடல்திறன் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தபோது அவர் பொறியியல் மாணவர். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று எத்தனையோ மாற்றுத்திறனாளிகளுக்கு வீடாகவும் பள்ளியாகவும் இருக்கிறது.

எல்லோரும் இவர்களைப் போல் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் தம்பி சக்கர நாற்காலியில் டீக்கடை வரை போய்வந்தால் அதுவே போதும். அதற்கு அவரை மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்புங்கள்: வேலூரில் இருக்கிறது, சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானாக மாறுவது எப்படி என்பதைக் கற்றுத்தரத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

தலையில் அடிபட்டு உயிர் பிழைத்த மகன், இப்போது எடுத்ததற்கெல்லாம் கத்துகிறான். சொன்னதையே மறக்கிறான். காற்று கருப்பு ஏதாவது இருக்குமோ?
— தாய், உசிலம்பட்டி

இல்லையம்மா. மூளையில் பட்ட காயத்தின் வேலை அது. கோபம், மறதி, தூக்கமின்மை எல்லாம் மாதக்கணக்கில் இருக்கலாம். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. நரம்பியல் டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். டிவி சத்தத்தைக் குறையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ தாமதிக்காதீர்கள்.

எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் பின்னால் ஹாரன் அடித்தால் உடம்பு உதறுகிறது. ராத்திரி அதே லாரி கனவில் வருகிறது. கோழை ஆகிவிட்டேனா?
— வாசகர், பெருந்துறை

இல்லை. எனக்கும் வந்தது. உடைந்தது எலும்பு மட்டும் இல்லை. 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசலாம். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல டாக்டரைப் பாருங்கள். இதற்கு சிகிச்சை இருக்கிறது, பலனும் தருகிறது.

நான் வேலைக்குப் போகாத குடும்பத் தலைவி. சம்பளம் இல்லாதவளுக்கு நஷ்டஈடு எங்கே கிடைக்கும் என்கிறார்கள்.
— வாசகி, பண்ருட்டி

கிடைக்கும். வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு, இழப்பீட்டில் அதைக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் படுத்த பிறகு சமையலுக்கும் துணிக்கும் ஆள் வைத்தீர்களே, அந்தச் சம்பளத்தை எழுதிவையுங்கள். ஆட்டோ கூலி, மருந்துக் கடை ரசீது, கட்டில் வாடகை எதையும் தூக்கிப் போடாதீர்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும்.

ஏழு மாதமாக அவரைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டுகிறேன். நேற்று கோபத்தில் தட்டை நங்கென்று வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க அழுதேன். நான் கெட்டவளா?
— பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

இல்லை தாயி. நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள். ஏழு மாதம் முழுத் தூக்கம் இல்லாத யாருக்கும் கை நடுங்கும், குரல் உயரும். அவரிடமே சொல்லுங்கள், ‘இன்னைக்கு என்னால முடியல’ என்று. படுத்திருப்பவர்களுக்கு அது புரியும். என் கணவர் அப்படி ஒருநாள் சொன்னபோது எனக்கு அவர்மேல் வருத்தம் வரவில்லை, பயம்தான் விலகியது. வாரத்தில் ஒரு மத்தியானமாவது யாரையாவது உட்கார வைத்துவிட்டு வெளியே போங்கள். கோவிலோ, தங்கை வீடோ, பஸ் ஸ்டாண்டோ எங்கேயாவது. அது உங்கள் மருந்து, தவறவிடாதீர்கள்.

மற்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் நலம் விசாரிக்கப் போகும் வீட்டில் இவரைப் போல ஒருவர் கட்டாயம் இருப்பார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் அந்த மேஜையில் ஏற்கெனவே நிறைய இருக்கும், வாங்காதீர்கள். விபத்து எப்படி நடந்தது என்று படுத்திருப்பவரை மறுபடி சொல்ல வைக்காதீர்கள். இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்துகொண்டு, அந்த அம்மாவை உள்ளறைக்குத் தூங்க அனுப்புங்கள்.