அலமாரிக்கு ஏற்ற முகம் வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
சாயல் தேர்வுக் குழுவினர்,
கொள்முதல் பிரிவு,
மருந்தகத் தொடர்கடைத் தலைமையகம்,
கோலாலம்பூர்.

(கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வரும். எழுதாவிட்டால் ஒவ்வொரு கடைக்காரரும் பக்கத்துக் கடையைத்தான் சொல்கிறாள் என்று நிம்மதியாகத் தூங்குவார்.)

பொருள்: ஐம்பது வெள்ளிக்குள் அடங்கும் ஒப்பனைப் பொருள்கள் பற்றிப் பயனீட்டாளர் மதிப்பீடு

ஐயா, அம்மையீர்,

நான் கிள்ளானில் கொமுட்டர் ஏறிக் கேஎல் சென்ட்ரலில் இறங்கும் அலுவலகப் பெண். மாலையில் ரயில் வரும்வரை உங்கள் கிளைக்குள் நிற்பது வழக்கம். குளிர்சாதனமும் இலவசம், டெஸ்டரும் இலவசம். வெறுங்கையோடு வெளியே வர மனம் கூசுவதால் உங்கள் மலிவு ஒப்பனைப் பொருள்களை வாங்கி, பூசி, வியர்த்து, கழுவி வருகிறேன். அந்த அனுபவத்தை யாரும் கேட்காமலேயே தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன்.

முதலில் ஃபவுண்டேஷன். மேல்தட்டிலிருந்து கண்மட்டம் வரை எத்தனை வெளுப்பு! பாலில் ஒரு சொட்டுத் தேநீர் விட்டது, ஒன்றரைச் சொட்டு விட்டது, விடலாமா என்று யோசித்தது. கடைசித் தட்டில், முழங்காலிட்டால் மட்டும் கண்ணில் படும் இடத்தில், மாநிறத்துக்கென்று ஒன்று. அதற்குக் கீழே தரை. என் நிறம் அந்தத் தரைக்கும் கீழே, அநேகமாகக் கார் நிறுத்துமிடத்தில் இருக்க வேண்டும்.

"ஹாபிஸ், காக்" என்றார் விற்பனைப் பெண். தீர்ந்துவிட்டதாம். வராத சரக்கு எப்படித் தீரும் என்று கேட்க வாய் வந்தது. பாவம், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவரிடம் தத்துவம் பேசக் கூடாது. வேறொரு நாள் நம்ம பெண் ஒருத்தி பரிவோடு வழி சொன்னாள்: "ஒரு ஷேட் வெளுப்பா எடுங்கக்கா. கல்யாண வீட்டு போட்டோவுல பளிச்சுன்னு விழும்." விழுந்தது. முகம் ஒருத்தியுடையது, கழுத்து வேறொருத்தியுடையது என்று ஆல்பம் முழுக்க விழுந்தது.

பகல் வெயிலில் அதே பூச்சு சாம்பல் பூக்கிறது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் மாலை கட்டும் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "எந்தக் கோயிலுக்குப் போயிட்டு வர்றம்மா? மொகமெல்லாம் திருநீறா இருக்கு" என்றார். தைப்பூசத்துக்கு அப்போது பல மாதம் இருந்தது. ஆன்மிகப் பொருளாக விற்றால் இந்தப் பாட்டிலுக்குப் பத்துக்குப் பத்து தருவேன்.

இதில் வேதியியல் சங்கடம் ஏதும் இருக்குமோ என்று தேடிப் படித்தேன். ஃபவுண்டேஷனுக்கு நிறம் தருவது பெரும்பாலும் நாலே சரக்கு. வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு இரும்பு ஆக்சைடுகள். கறுப்பை மட்டும் அள்ளிக் கொட்டினால் சாம்பல் தட்டும். வெள்ளையைக் குறைத்து, சிவப்பையும் மஞ்சளையும் அளவாகச் சேர்த்தால் என் முகம் வந்துவிடும். அதாவது என்னைத் தயாரிக்க இமயமலையில் மூலிகை தேட வேண்டியதில்லை. துருவின் உறவுக்காரர்கள் போதும். துரு நம் ஊர் மழைக்குத் தாராளமாகவே கிடைக்கும்.

செய்ய முடியும் என்று உலகத்துக்கே காட்டியும் விட்டார்கள். 2017 செப்டம்பரில் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 சாயல்களோடு இறங்கியது. என்னைவிடக் கறுத்தவர்களுக்கும் அதில் இடம் இருந்தது. ஆனால் அது நூறு வெள்ளிக்கு மேல் எடுத்து வைக்கக் கூடியவர்களின் சமத்துவம். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் வாடகையும் கொமுட்டரும் போக மிஞ்சுவதில் சமத்துவம் வாங்குவது சிரமம் என்பதால்தான் உங்களிடம் வருகிறேன்.

இங்கே ஒரு கணக்கு உதைக்கிறது. என் பக்கத்து மேசைத் தோழி 39 வெள்ளி 90 சென்னுக்கு ஒரு பாட்டில் வாங்குகிறாள். அவள் முகம் முடிந்தது. நான் அதே விலைக்கு உங்களிடம் உள்ள ஆகக் கறுத்த பாட்டிலை வாங்கி, அதைக் கறுப்பாக்க இன்னொன்றை வாங்கி, இரண்டையும் புறங்கையில் குழைத்து, ஒவ்வொரு காலையும் நேற்றைய கலவை என்ன விகிதம் என்று நினைவுபடுத்திக்கொள்கிறேன். எனக்கு எண்பது வெள்ளி, கூடவே ஆய்வக உதவியாளர் வேலை. உங்கள் சுவரொட்டியில் உள்ள 'எல்லோருக்கும் மலிவு' என்ற வாசகத்தில் 'எல்லோருக்கும்' என்ற இடத்துக்கு மட்டும் ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் கீழே நிபந்தனைகளைச் சிறிய எழுத்தில் அச்சிட்டால் சட்டத்துக்கும் நல்லது.

ஓடாத சரக்கை எப்படி வாங்கி அடுக்குவது என்பீர்கள். வைப்பதில்லை, அதனால் விற்பதில்லை. விற்பதில்லை, அதனால் வைப்பதில்லை. இந்த வட்டத்தின் அழகில் எனக்கு மறுப்பே இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடுதான் என்பதும் சரி. அந்தக் கணக்கிலேயே நிற்போம். அலமாரியில் முப்பது சாயல் என்று வைத்துக்கொண்டால் அதில் 6.7 விழுக்காடு, இரண்டு. அந்த இரண்டைக் கொடுங்கள், நான் வீட்டுக்குப் போகிறேன். கறுப்பு எங்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்தில்லை. மலாய்க்காரரிலும் ஒராங் அஸ்லியிலும் இபான்களிலும் அதைப் பார்க்கலாம். அந்தக் கணக்கைத் தொடங்கினால் உங்கள் அலமாரி தாங்காது என்பதால் விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸை 2010 அக்டோபர் 27 அன்று அப்போதைய பிரதமர்கள் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் நேரில் வந்து 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்தார்கள். அந்த வட்டாரத்தில் யார் நடமாடுகிறார்கள் என்பது இரண்டு பிரதமர்களுக்குத் தெரிந்த செய்தி. கொள்முதல் பிரிவுக்கு இன்னும் சுற்றறிக்கை வரவில்லை போலிருக்கிறது.

கறுப்புச் சாயமே இந்நாட்டில் கிடைப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. 2017 நோன்புப் பெருநாளுக்கு வாட்சன்ஸ் மலேசியா ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. ஒரு பெண்ணின் முகத்தில் கறுப்பைப் பூசி, பிறகு அவள் வெளுத்ததும் அழகியாகிவிட்டாள் என்று கதை. இனவாதம் என்று எதிர்ப்பு கிளம்பவும் மன்னிப்புக் கேட்டுப் படத்தை மீட்டுக்கொண்டார்கள். எல்லோரும் கோபப்பட்டார்கள், எனக்குக் கோபத்தோடு ஒரு சந்தேகமும் வந்தது. அது எந்த பிராண்ட், எந்த எண்? அவ்வளவு கறுப்பு படப்பிடிப்புக்குக் கிடைத்திருக்கிறதே!

வெளுப்பாக்கும் களிம்புகளுக்கு உங்களிடம் இடப் பஞ்சம் இருந்ததேயில்லை. 1975இல் இந்தியாவில் பிறந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஜான்சன் அண்ட் ஜான்சன் அதே ஆண்டு சில வெளுப்புப் பொருள்களை நிறுத்தியே விட்டது. அலமாரியில் அவற்றின் வரிசை நீளம் குறைந்ததாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. நியாயமாகப் பேசினால், இதில் பழி முழுவதும் உங்களுக்கில்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் கூடத்து டியூப்லைட்டைப் போடச் சொன்ன பெரியம்மாக்கள் எங்களிடம் உண்டு. என் அம்மா தலைமுறைக்கு ஒரே சாயல்தான்: பவுடர் வெள்ளை. கழுத்து வரை அப்பிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். நீங்கள் பரம்பரையைக் காப்பாற்றுகிறீர்கள்.

அலமாரியில் நிறம் கிடைக்காதவள் எங்கே போவாள்? பசார் மாலம் என்னும் இரவுச் சந்தைக்குப் போவாள். அங்கே பெயரில்லாத டப்பாவில் 'இரண்டே வாரம்' களிம்பு இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை, என்.பி.ஆர்.ஏ., அடிக்கடி எச்சரிக்கை விடுகிறது: பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் கலந்த களிம்புகளை வாங்காதீர்கள், அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கு 25,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பாதரசம் மெலனின் சுரப்பை அடக்குகிறது. போகிற வழியில் சிறுநீரகத்தையும் நரம்பையும் கவனித்துவிட்டுப் போகிறது. வாங்குகிறவளை அறிவில்லாதவள் என்று பேசுவது சுலபம். ஆனால் அவள் உங்கள் கடைவழியாகத்தான் அங்கே வருகிறாள். முகத்துக்கேற்ற பாட்டில் இல்லை என்றால், பாட்டிலுக்கேற்ற முகம் தயாரிப்பதுதானே அடுத்த படி? உங்கள் தேர்வுக் குழுவின் தர்க்கத்தை அவள் கடைசி வரி வரை பின்பற்றியிருக்கிறாள்.

மற்றப் பொருள்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சன்ஸ்கிரீன்: மறுபடியும் திருநீறு. 'நியூட்' உதட்டுச்சாயம்: பூசியதும் மேலாளரே விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். இருபது வெள்ளிக்கு வாங்கிய மெரூன் மட்டும் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டையும், ரசத்தையும், அப்பளத்தையும் கடந்து அசையாமல் நின்றது, மனதாரப் பாராட்டுகிறேன். ஐலைனரில் உங்கள் கைவண்ணம் அபாரம். கறுப்பு, அடர்கறுப்பு, ஆழ்கறுப்பு, 24 மணி நேரக் கறுப்பு! எவ்வளவு கறுப்போ அவ்வளவு பெருமையாக, கண்மட்டத்தில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். இமை ஓரத்தில் கறுப்புக்கு இருக்கும் மரியாதை இரண்டு அங்குலம் கீழே கன்னத்துக்கு வரும்போது எங்கே போகிறது என்று குழு கூடினால் விவாதிக்கவும்.

விண்ணப்பம் சிறியதுதான். இரண்டு சாயல்கள், முழங்காலிடாமல் எட்டும் உயரத்தில். அதற்குத் தலைமையக ஒப்புதல் தாமதமாகும் என்றால், இரண்டாவது பாட்டிலுக்குப் பாதி விலையும், குழைப்பதற்கு ஒரு சின்னக் கரண்டியும், உறுப்பினர் அட்டையில் இரட்டைப் புள்ளிகளும். தீபாவளிக்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உறுப்பினர் அட்டைதாரர்,
கிள்ளான்.

பி.கு.: நிறம் தெரியாமல் சரக்கு தருவிக்க முடியாது என்று பதில் வரக் கூடும் என்பதால் என் முன்கையின் நிழற்படத்தை இணைத்துள்ளேன். தயவுசெய்து வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டாம்.